நாலு பழனிச்சாமியில் உயிரோடு இருப்பவர் யார்?

வாசகர் கடிதம்: "நம்பியூர் பக்கம் ஒரு கிராமம். எனக்கு 20 வயது, கோபியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு எட்டுத் தறி ஓடுகிறது. எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா, அடுத்த ஊராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டியவர் அவர். மேற்கு வீதியில் இருக்கிறார். அவருக்காக வேலை செய்ய ஆசைப்படுகிறேன். அப்பா, 'பொட்டப்புள்ளைக்கு அரசியல் எதுக்கு? நாளைக்கு ஒறம்பரைக (சொந்தக்காரர்கள்) கேட்டா என்னன்னு சொல்றது? கேசு கீசுன்னு ஆயிப்போனா பேங்க் வேலை கிடைக்குமா?' என்கிறார். எங்கள் செட்டில் 14 பேர். அதில் 5 பேருக்கு வாக்காளர் அட்டையே இல்லை. கேட்டால், 'ஓட்டுப் போட்டு என்னத்தக் கிழிக்கப் போறோம்' என்று சிரிக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?"

கண்ணு,

வருவாய்த் துறையில் 31 வருஷம் இருந்தேன். கடைசிச் சில வருஷங்கள் தேர்தல் பிரிவில் துணை வட்டாட்சியர். அந்த வேலையில் இருந்தவரை எந்தக் கட்சியைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் யாருக்கு ஓட்டுப் போடு என்று என்னிடம் பதில் இருக்காது. எந்த வேலையை முதலில் எடு என்பதற்கு இருக்கிறது.

தேர்தல் வேலை என்றதும் உன் மனசில் வருவது மைக் கட்டிய ஆட்டோ, நோட்டீஸ், வீடு வீடாகக் கும்பிடு. அதெல்லாம் கடைசிப் பத்து நாள் வேலை, அதைச் செய்ய ஆளுக்குப் பஞ்சமே வராது. ஆள் கிடைக்காத வேலை வாக்காளர் பட்டியல். 20 வயதுப் பெண்ணுக்கு, அதுவும் பி.காம். படிக்கிறவளுக்கு, அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்பது என் எண்ணம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் கையாலேயே ஒரு தப்பு நடந்திருக்கிறது. ஊர் பேர் வேண்டாம். ஓர் ஊராட்சித் தேர்தலில் நான் மண்டல அலுவலர். காலை ஒன்பது மணி இருக்கும், ஒரு அமுச்சி வெளுத்த வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேரன் கையைப் பிடித்தபடி வாக்குச்சாவடிக்கு வந்தார். பட்டியலில் அவர் பெயரின் மேல் 'நீக்கம்' என்று இருந்தது. அதே பெயரில், அதே வீதியில் இன்னொருவர் இறந்திருக்கிறார். அவர் பெயரை அடிப்பதற்குப் பதிலாக இவர் பெயரை அடித்துவிட்டார்கள். அந்தத் திருத்தத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட வரிசையில் நானும் ஒருத்தி. "நான் உசுரோடதான சாமி நிக்கறேன், பாத்தாத் தெரியிலியா?" என்றார். தெரிந்தது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு ஓட்டுச் சீட்டுக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. வரிசையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அமுச்சி பேரனைப் பார்த்து, "நட, போலாம்" என்றார், அவ்வளவுதான். அந்த வார்டில் எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் முடிவு வந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை.

அந்த ஊரில் உன்னைப் போல ஒரு பெண் மூன்று மாதம் முன்னால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் நடந்திருந்தால், அது நடந்திருக்காது.

உன் சிநேகிதிகள் சொல்வதற்கு வருகிறேன். "ஒரு ஓட்டு என்ன செய்யும்" என்பதற்கு நான் பெரிய தத்துவம் எதுவும் சொல்ல மாட்டேன். நம் பக்கத்துக் கணக்கையே சொல்கிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதி 281 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. நம்மூர்க் கல்யாணத்தில் ஒரு பந்தியில் உட்காருகிற கூட்டம் அது. அதே தேர்தலில் தாராபுரம் 1,393 ஓட்டு, கோவை தெற்கு 1,728 ஓட்டு. இதெல்லாம் லட்சக்கணக்கான பேர் ஓட்டுப் போட்ட தொகுதிகள். உன் வார்டில் மிஞ்சினால் 400 ஓட்டு இருக்குமா? அங்கே உன் செட்டில் விட்டுப்போன ஐந்து பேர் என்பது சாதாரணக் கணக்கு இல்லை. சமமாக வந்தால் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்வார்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லு. ஐந்து பேர் வீட்டில் தூங்கியதால் ஊரின் அடுத்த ஐந்து வருஷத்தைக் குலுக்கலில் விட்டோம் என்றால், அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மொடக்குறிச்சி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது 1996தான். விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டுவதற்காக வரிசையாக மனுப் போட, அந்த ஒரு தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். தேர்தலைத் தள்ளிவைத்து, ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான். எங்கள் பிரிவில் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. அதற்குப் பிறகுதான் சட்டமன்றத்துக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. நம்மூர்க்காரர்கள் கோபப்பட்டதில் நாட்டுச் சட்டமே மாறியது. "கொங்குக்காரங்களுக்குத் தொழில்தான் தெரியும், அரசியல் வராது" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துவிடு.

ஆனால் சிநேகிதிகளிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் பாடமாக நடத்தாதே. ஓடிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கேள். எனக்குத் தெரிந்து நூறில் எண்பது காரணம் கொள்கையில்லை, சோம்பல். அல்லது எப்படிச் செய்வது என்று தெரியாது. 18 வயது நிறைந்த தேதியைக் கணக்குப் பார்க்க முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு முதல் தேதிகள். 17 முடிந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், ஒரு போட்டோ, வீட்டில் யாராவது ஒருவரின் வாக்காளர் அட்டை எண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேரையும் உன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, போனிலேயே முடித்துவிடு. சந்தேகம் வந்தால் வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போடு. பிறகு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பெரும்பாலும் அது உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளர் அல்லது பள்ளிக்கூட டீச்சராகத்தான் இருக்கும். வந்தவரை வாசலில் நிற்கவைக்காமல் ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

விடுதியில் தங்கிக் கோவையில் படிக்கிறவள் இருந்தால், ஊரிலோ கோவையிலோ ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் பெயர் இருக்கலாம். கல்யாணமாகிப் போனவளின் பெயர் இன்னும் பிறந்த ஊரிலேயே கிடக்கும். அதற்குப் படிவம் 8. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள், "ஷிப்மெண்ட் இருக்குது, லீவு விட மாட்டாங்க" என்பார்கள். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை விடவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. கம்பெனி வாசலில் போய்ச் சட்டம் பேசச் சொல்லவில்லை. ஆனால் லைன் சூப்பர்வைசருக்கு இது தெரிந்திருந்தும் மறந்துபோயிருக்கும். நாலு பேர் சேர்ந்து முந்தின வாரமே ஞாபகப்படுத்தினால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

ஒரு சின்னக் குறுக்கீடு. 2024 மக்களவைத் தேர்தலில் கரூரிலும் நாமக்கல்லிலும் ஓட்டுப்பதிவு 78 சதவீதம் தாண்டியது, கோவையில் 65ஐத் தொடக்கூடச் சிரமப்பட்டது. "படிச்சவங்களுக்குப் பொறுப்பில்லை" என்று அப்போது எல்லாரும் திட்டினார்கள். பாதிதான் சரி. வாடகை வீடு மாறி மாறிப் போனவர்களின் பெயர் பழைய வார்டிலேயே தங்கிவிடுவதும், இறந்தவர்கள் பட்டியலில் வாழ்வதும் சதவீதத்தைக் கீழே இழுக்கும். எங்கே சுற்றினாலும் பட்டியலில்தான் வந்து நிற்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அப்பா. அவர் மூன்று காரணம் சொல்லியிருக்கிறார், நான்காவது ஒன்றைச் சொல்லவில்லை.

கேசு என்ற பயத்துக்கு நேரான பதில்: ஒரு வேட்பாளருக்காகப் பட்டியல் பார்ப்பதும், ஓட்டுக் கேட்பதும், வாக்குச்சாவடியில் முகவராக உட்காருவதும் குற்றமில்லை. வேலைக்கு முன் நடக்கிற போலீஸ் சரிபார்ப்பில் கேட்பது கைது, வழக்கு, தண்டனை பற்றி. வேலையில் சேர்ந்த பிறகு அரசியல் கூடாது, அது வேறு. வழக்கு வருவது எதனால் என்பதையும் தெரிந்துகொள். அனுமதி இல்லாமல் சாலையில் உட்காருவது, அடுத்தவர் சுவரில் கேட்காமல் எழுதுவது, அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இல்லாத நோட்டீஸ், ஓட்டுப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பது. எல்லாவற்றையும்விடப் பெரியது பணம். ஓட்டுக்குக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஓராண்டுவரை சிறை உண்டு. கவரோ டோக்கனோ குக்கரோ, "இதைக் கொண்டுபோய் அந்த வீட்டில் மட்டும் கொடுத்துட்டு வா கண்ணு" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கை நீட்டாதே. மாட்டுவது எப்போதும் சுமந்தவர்தான், கொடுத்தனுப்பியவர் அல்ல.

அதனால் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் அக்காவிடம் ஒரு கேள்வி கேள்: "காசு குடுப்பீங்களாக்கா?" கடந்த ஊராட்சித் தேர்தலில், 2019 டிசம்பரில், வார்டு உறுப்பினர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 9,000 ரூபாய். அந்தக் காசில் என்ன செய்ய முடியும் என்று அவர் யோசித்து வைத்திருந்தால் நல்ல ஆள். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று மழுப்பினால், சோறு ஊட்டிய நன்றியை வேறு விதமாகத் தீர்த்துக்கொள்.

"அரசியல் எதுக்கு" என்பதற்கு அப்பாவிடம் வாதாடாதே. தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது, பொழுதோட கரண்ட் போகும்போது பேசு. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த கட்டணமில்லா மின்சாரம் 2023இல் 1,000 யூனிட் ஆனதே, அது எப்படி வந்தது என்று கேள். தறிக்காரர்கள் சும்மா இருந்து வந்ததில்லை என்று அவருக்கே தெரியும். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 60 வருஷத்துக்கும் மேலாகக் கேட்டு, உண்ணாவிரதம் இருந்து, 2024 ஆகஸ்டில்தான் தண்ணீர் வந்தது. 1,045 குளம் குட்டை, உங்கள் பக்கத்துக் குளங்களும் அதில் உண்டு. கேட்டுக்கொண்டே செத்துப்போன தலைமுறை ஒன்று இருக்கிறது. உன் அப்பாருவும் அதில் ஒருவராக இருப்பார். அரசியல் வீட்டுக்குள் வராத நாள் எது என்று அப்பாவே சொல்லட்டும்.

பெண்பிள்ளை என்பதற்கு, காரமடை பக்கத்துத் தேக்கம்பட்டி பாப்பம்மாளை ஞாபகப்படுத்து. இயற்கை விவசாயத்துக்காக 2021இல் பத்மஸ்ரீ வாங்கியவர் என்று ஊருக்கே தெரியும். ஊராட்சி வார்டு உறுப்பினராகவும் ஒன்றிய உறுப்பினராகவும் இருந்தவர் என்பது பலருக்கு ஞாபகமில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் இப்போது பாதி இடம் பெண்களுக்கு. நிற்பவர் பெண் என்றால், கூட நடப்பதற்கும் பெண் வேண்டாமா?

சொல்லாத காரணம் உன் கடிதத்தில் ஒரே வரியில் இருக்கிறது. "மேற்கு வீதியில் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். ஏன் அதை எழுதினாய் என்று உனக்கும் தெரியும், படிக்கிற எனக்கும் தெரியும். அப்பாவுக்கு ஒறம்பரை என்ன சொல்லும் என்ற பயம் நீ அரசியலுக்குப் போவதைப் பற்றியா, அந்த வீதிக்குப் போவதைப் பற்றியா? நான் வேலை பார்த்த இடங்களில், கோயில் வாசலில் பத்துப் பேர் கூடி "நம்மாளுக இவருக்குத்தான்" என்று முடிவு பண்ணி, 300 ஓட்டை மூட்டை கட்டியதைப் பார்த்திருக்கிறேன். தலைவர் பதவியை ஏலம் விட்ட ஊரையும் பார்த்திருக்கிறேன். அதில் இளசுகள் யாரும் வாய் திறந்ததில்லை. ஓட்டுச் சீட்டு மறைவில் போடுவது, யார் யாருக்குப் போட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வேலை செய்வது வெளிச்சத்தில். நீ அந்த வீதியில் நடந்தால் நாலு பேர் பேசுவார்கள். இதை உன்னிடம் மறைத்து, "தைரியமாப் போ" என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. போகலாம், போகவேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் வீட்டோடு முறித்துக்கொண்டு போகாதே. படிப்புக்கும் சோற்றுக்கும் நீ இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாய்.

வேலை செய்யும்போது சில கண்டிப்பு. தனியாகப் போகாதே, இன்னொரு பெண்ணோடு போ. விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பு. வாக்காளர்களின் போன் நம்பரை எழுதி வாங்கினால் அதை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதே. எதிர்த்து நிற்கிறவரைப் பற்றி ஒரு வரிகூட ஃபார்வேர்டு செய்யாதே. 18 முடியாத தம்பி தங்கைகளை நோட்டீஸ் கொடுக்கக் கூட்டிப் போகாதே. ஊராட்சி வார்டுக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி மாதிரி ஏதாவது தனிச் சின்னம்தான் வரும். ஆகவே கட்சிக் கொடி கட்டின வண்டியில் நீ ஏறவேண்டிய அவசியமே இல்லை. இதையும் அப்பாவிடம் சொல்.

தேர்தல் நெருங்கும்போது இன்னொரு நல்ல வேலை இருக்கிறது. கிராமத்தில் ஒரே நேரத்தில் நாலு சீட்டுக் கொடுப்பார்கள். வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று கடந்த முறை இருந்தது. வயசானவர்கள் இதில் குழம்பிப்போவார்கள். முத்திரையை இரண்டு சின்னத்துக்கு நடுவில் கோட்டின் மேல் வைத்துவிடுவார்கள்; மை காய்வதற்குள் குறுக்கே மடித்து, எதிர்ப்பக்கச் சின்னத்திலும் அப்பிவிடும். எண்ணும்போது இந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு மேஜைக்கு மேஜை சண்டை நடக்கும். வெறும் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டு போய், நீளவாக்கில் முதல் மடிப்பு மடிக்கச் சொல்லிக்கொடு. யாருக்குப் போடுவது என்று சொல்லாமலேயே இதைச் சொல்லித்தரலாம். எதிர்க் கூட்டத்து ஆத்தாவுக்கும் சொல்லிக்கொடு.

சரி, பட்டியல். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் தொகுதி, பாகம் எண் பார்த்து இறக்கி, கோபியில் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் அச்சு எடு. ஊராட்சிக்கு வார்டுவாரியாகப் பிரிப்பதும் இந்தச் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான். இதில் பெயர் இல்லாதவருக்கு அதிலும் இருக்காது. 2025 கடைசியில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள் அல்லவா, அப்போது திருப்பூரிலோ கேரளாவிலோ வேலைக்குப் போயிருந்தவர்கள் உங்கள் வீதியில் யார் யார் என்பதை முதலில் பார்.

பென்சிலில் மட்டும் குறி. வீட்டு எண் வரிசையாக இருக்காது. 3/14க்கு அடுத்து 3/87 வரும், பயப்படாதே. இறந்தவர், வெளியூர் போனவர், புதிதாகச் சேர்க்க வேண்டியவர் என்று மூன்று குறி போதும். சேர்ப்பதற்கு நீ உதவு. நீக்குவதற்குப் படிவம் 7 இருக்கிறது, அதை நீ கையில் எடுக்காதே. சந்தேகப்படும் பெயரை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் சொல்வதோடு நிறுத்திக்கொள். "எதிர்க்கட்சிக்காரங்க பேரா இருக்கு, இந்த இருபதையும் அடிக்க எழுதிக் குடு" என்று யாராவது கேட்பார்கள். பொய்யாக எழுதிக் கொடுத்தால் அதற்கும் ஓராண்டு சிறை உண்டு. எனக்கு அந்த வெள்ளைச் சேலை அமுச்சிதான் ஞாபகம் வருவார்.

ஓர் இடத்தில் கட்டாயம் முட்டி நிற்பாய். நம்மூர்ப் பட்டியலில் ஒரே பக்கத்தில் நாலு பழனிச்சாமி இருப்பார்கள். அதில் இரண்டு பேருக்கு த/பெ. ராமசாமி. வயசு ஒருவருக்கு 58, இன்னொருவருக்கு 61, இரண்டும் தப்பாக இருக்கும். ஒருவர் காலமாகியிருப்பார், ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டுப் பல்லடம் போயிருப்பார். யார் எவர் என்று உனக்கும் தெரியாது, மேற்கு வீதி அக்காவுக்கும் முழுதாகத் தெரியாது. ஊரில் 50 வருஷம் இருந்து, எல்லார் வீட்டு எழவுக்கும் கல்யாணத்துக்கும் போன ஒருவருக்குத்தான் தெரியும்.

கரண்ட் போகிற ஒரு சாயங்காலம் அந்தப் பக்கத்தை அப்பா முன்னால் விரித்து வை. அரசியல் ஒன்றும் பேசாதே. "ஏனுங்கப்பா, இந்த நாலு பழனிச்சாமில யாருங்கப்பா உசுரோட இருக்கறாங்க?" என்று மட்டும் கேள். உங்கள் வீட்டுப் பெயர்களும் அதே பக்கத்தில்தான் இருக்கும், அவர் பெயரிலேயே ஓர் எழுத்துத் தப்பாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, உன் கையிலிருந்து பென்சிலை வாங்கினால், அடுத்த வாரமே எனக்கு ஒரு வரி எழுது.